இரண்டாயிரம் பொம்மைகள்

அந்த அலுவலகத்தில் அவளைச் சுமைதாங்கி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஓர் இணையதளத்தைத் திறந்துவிடுவதற்கு முன்னால், ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே வந்தால் அதற்கு மூச்சு முட்டும் என்று ஏற்றிப் பார்ப்பது அவள் வேலை. அதற்காக நிஜ மனிதர்கள் ஆயிரம் பேரைக் கூட்டிவந்து உட்காரவைக்க முடியுமா? முடியாது. அதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அது பொய் ஆட்களை உண்டாக்கும். அந்த ஆட்கள் பக்கத்தைத் திறப்பார்கள், படிப்பதுபோல முப்பது நொடி சும்மா இருப்பார்கள், படிவத்தை நிரப்புவார்கள், அனுப்புவார்கள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஆவணங்களில் அவர்களுக்குப் பெரிய பெரிய பேரெல்லாம் உண்டு. இவள் பொம்மைகள் என்பாள்.

முன்பு இந்த வேலைக்கு ஐந்து பேர் இருந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருவராகக் கழித்துக் கழித்து, கடைசியில் நாலு காலி நாற்காலியும் இவளும் மிச்சம். அந்த நாலு பேர் செய்த வேலை எங்கே போயிற்று என்று யாராவது கேட்டார்களா? எதற்குக் கேட்பார்கள்! அதுதான் இவள் தலையில் சொகுசாக உட்கார்ந்திருந்ததே. வீட்டில் கணவனுக்கு வேலை போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆகையால் இவளும் வாயைத் திறக்கவில்லை.

மேலாளருக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு, ஆயிடும். எதைக் கொண்டுபோய்ச் சொன்னாலும் "ஆயிடும், ஆயிடும்" என்பார். ஏசி ஓடவில்லை என்றாலும் ஆயிடும், ஆள் போதவில்லை என்றாலும் ஆயிடும். ஆனது ஒன்றும் கிடையாது. மனுஷர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. சிரித்த முகம், யாரையும் அதட்டிப் பேசியதில்லை. அப்படிப்பட்டவர்களிடம்தான் மாட்டிக்கொள்ளக் கூடாது.

இந்த முறை வந்தது வீட்டு வசதித் துறையின் தளம். நகரத்தின் ஓரத்தில் புதிதாகக் கட்டிய குடியிருப்பில் ஆயிரத்து அறுநூறு வீடுகள். குலுக்கல் கிடையாது, சிபாரிசு கிடையாது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தளம் திறக்கும், முதலில் படிவத்தை அனுப்பி முடிப்பவருக்கு வீடு. கணினி பழக்கமில்லாதவர்களுக்காகத் தனியாக நூற்றைம்பது வீடுகள். அவற்றுக்குத் துறை அலுவலகத்தில் ஒரே ஒரு கவுண்டர், முதலில் வந்து நிற்கும் நூற்றைம்பது பேருக்கு டோக்கன்.

ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தது, பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் தளம் தாங்க வேண்டும், அதைச் சோதித்துக் காட்ட வேண்டும் என்று. இவர்களிடம் இருந்த மென்பொருளின் உரிமமோ இரண்டாயிரம் பொம்மைக்குத்தான். இரண்டாயிரத்து ஒன்றாவது பொம்மையைக் கேட்டால் சிவப்பில் ஒரு கட்டம் வந்து, அனுமதி இல்லை என்று சொல்லிவிடும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

பத்தாயிரத்துக்கு உரிமம் வேண்டும், ஒரு வாரத்துக்கு வாங்கினாலும் போதும் என்று மூன்று தடவை எழுதிக் கேட்டாள். கொள்முதல் பிரிவு மூன்று வாரம் ஆகும் என்றது. தளம் திறக்க ஆறு நாள் இருந்தது.

ஆயிடும் அவளை அறைக்குக் கூப்பிட்டு, வெள்ளைப் பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்.

"இங்க பாரு. உன் பொம்மை ஒவ்வொண்ணும் முப்பது செகண்ட் சும்மா உக்காந்திருக்குல்ல? அதை ஆறு செகண்ட் ஆக்கு. இப்ப ஒரு பொம்மை அஞ்சு பேர் வேலையைச் செய்யும். ரெண்டாயிரம் இன்டு அஞ்சு. எவ்வளவு ஆச்சு?"

"பத்தாயிரம் சார். ஆனா அது பத்தாயிரம் பேர் ஆகாது."

"கணக்கு சரிதானே?"

"கணக்கு சரி சார். ஒரே ஆள் அஞ்சு தடவை பஸ்ல ஏறி இறங்குறதும், அஞ்சு பேர் ஒரே நேரத்துல பஸ்ல நிக்கிறதும் ஒண்ணா? நிஜ ஆளு உள்ள வந்தா உக்காந்து படிப்பான், யோசிப்பான், சட்டைப்பையில நம்பரைத் தேடுவான். அதுவரைக்கும் சர்வர்ல ஒரு இணைப்பை அவன் பிடிச்சு வெச்சிருப்பான். ஒரே நேரத்துல எத்தனை இணைப்பு தாங்கும்னுதான் நாம பாக்கணும். நம்மகிட்ட எப்பவுமே ரெண்டாயிரம்தான் திறந்திருக்கும். அதுக்கு மேல என்ன ஆகும்னு யாருக்குமே தெரியாது."

ஆயிடும் சிரித்தார். "நீ சொல்றது புஸ்தகத்துக்குச் சரி. ஊர் உலகத்துல எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. வேணும்னா நீ சொன்னதை ஒரு குறிப்பா எழுதி உள்ள வெச்சிடு. நான் தடுக்கல."

எழுதினாள். ஆறு நொடிக் கணக்கிலேயே சோதனையை ஓட்டி முடித்து, அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதினாள். "சோதனையில் ஒரே நேரத்தில் திறந்திருந்த இணைப்புகள் இரண்டாயிரம் மட்டுமே. அதற்கு மேல் தளத்தின் நடத்தை தெரியாது." வியாழக்கிழமை காலை கையெழுத்துக்கு வந்தபோது முதல் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு வரிதான் இருந்தது. பத்தாயிரம் பயனர் சுமை, தேர்ச்சி. அவளுடைய குறிப்பு நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், பின்னிணைப்பில், எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில் கிடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை இத்தனை சுத்தமாக அவள் பார்த்ததில்லை.

"குறிப்பு உள்ள இருக்குல்ல? நீ பொய் சொல்லலையே?" என்றார் ஆயிடும். "அப்புறம், அடுத்த மாசம் ஆள் கழிக்கிற பட்டியல் மேல போயிட்டிருக்கு. உன் பேர் வராம நான் பாத்துக்கறேன்."

அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. உதவி செய்கிறவர் குரலில்தான் சொன்னார். அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடிக்கொண்டு, கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள். அழுகையா வந்தது? இல்லை. எரிச்சல்தான் வந்தது, அதுவும் அவள் மேலேயே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தாள். அக்கா அவளைவிட ஏழு வயது மூத்தவள். புருஷன் போய்ச் சேர்ந்தபிறகு, ஒரு பழைய நாலு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தாள். அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். மூன்று மாதத்தில் எல்லாரும் காலி செய்ய வேண்டும் என்று வாசலில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அக்காவுக்கு இருந்த ஒரே நம்பிக்கை திங்கட்கிழமைதான்.

அடுத்த வீட்டில் டெய்லரம்மா. நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் அக்கா "நூறாயுசு" என்பாள். டெய்லரம்மாவின் கணவருக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. லிப்ட் இல்லாத கட்டடம், மூன்று மாடி. இரண்டு வருஷத்தில் அவர் கீழே போனது நாலே தடவை, நாலும் ஆஸ்பத்திரிக்கு, நாற்காலியோடு தூக்கிக்கொண்டு. புதுக் குடியிருப்பில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் லிப்ட் உண்டு என்று விளம்பரத்தில் படித்ததிலிருந்து டெய்லரம்மாவுக்கு வேறு பேச்சே கிடையாது.

சாப்பிட்டுக் கைகழுவும்போது டெய்லரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றார்.

"வாம்மா, உன்னைத்தான் பாக்கணும்னு இருந்தேன். நாளைக்குக் காலைல நானே உக்காந்து போட்டுடலாம்ல? அண்ணன் பையன் பழைய லேப்டாப் குடுத்திருக்கான். ஒண்ணும் சிக்கல் வராதே?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "சிக்கலா? இவதானே சோதிச்சுப் பாத்திருக்கா! பத்தாயிரம் பேர் ஒரே நேரத்துல வந்தாலும் தாங்குமாம், பேப்பர்லயே போட்டிருந்தான். நீங்க கவலையே படாதீங்க."

"அதானே! நம்ம வீட்டுப் பொண்ணு பாத்த வேலை" என்று டெய்லரம்மா அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். இவள் இடித்த புளி மாதிரி நின்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம்.

கிளம்பும்போது மாடிப்படியில் அக்காவை நிறுத்தினாள்.

"அக்கா, நாளைக்கு நீ ஆன்லைன்ல போடாத. விடியற்காலைலயே போய்க் கவுண்டர்ல நில்லு."

"ஏண்டி? இப்பத்தானே..."

"உன் போன்ல நெட்டு சரியா வராது. பாதியில நின்னுடும். சொன்னதைக் கேளு, கேள்வி கேக்காத."

அக்கா ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தாள். "சரி. அப்ப டெய்லரம்மாவையும் எழுப்பிக் கூட்டிட்டுப் போறேன்."

நல்ல மனசு. அக்காவுக்கு எப்போதுமே அப்படித்தான், தனக்கு ஒன்று கிடைத்தால் பக்கத்து வீட்டுக்கும் ஒன்று. ஆனால் டெய்லரம்மாவிடம் சொன்னால் அது தையல் துணியோடு பத்து வீட்டுக்குப் போய்விடும். சோதித்தவளே கவுண்டருக்குப் போகச் சொன்னாளாம் என்று ஊரே பேசும். ஊர் பேசினால் அலுவலகத்துக்குத் தெரியும். அவளுக்கு அடுத்த மாதப் பட்டியல் ஞாபகம் வந்தது.

"வேணாம்க்கா. அவங்க வீட்டுல நெட்டு நல்லாத்தானே இருக்கு. அந்த மனுஷரைத் தனியா விட்டுட்டு எப்படி வந்து மணிக்கணக்கா நிப்பாங்க?"

"அதுவும் சரிதான்" என்றாள் அக்கா.

திங்கட்கிழமை காலை ஆயிடும் ஒரு மிட்டாய் டப்பாவோடு வந்தார். சுவரில் இருந்த பெரிய திரையில் ஒரு கோடு. எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் கோடு. பத்து மணி. கோடு எழும்பியது. ஆயிரம், இரண்டாயிரம். அதுவரை அவளுடைய பொம்மைகள் நடந்த பாதை. மூவாயிரம். பத்து மணி நாலு நிமிஷத்துக்கு நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு. அங்கேயே நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"பாத்தியா, எவ்வளவு அழகா நிக்குது!" என்றார் ஆயிடும்.

அது அழகாக நிற்கவில்லை. கதவு சாத்திவிட்டது. சர்வரை நிறுவியவர் யாரோ, ஒரே நேரத்தில் இத்தனை இணைப்புதான் என்று மென்பொருளில் வந்தபடியே மாற்றாமல் விட்டிருந்த ஓர் எண். நாலாயிரத்துத் தொண்ணூற்றேழாவது ஆள் வெளியே வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே போனவர்களும் நகரவில்லை. அவர்கள் பொம்மைகளா என்ன, ஆறு நொடியில் கிளம்புவதற்கு? விதிமுறைகளை ஒவ்வொரு வரியாகப் படித்தார்கள். "ஏங்க, உங்க அப்பா பொறந்த வருஷம் என்ன?" என்று அடுத்த அறைக்குக் கத்தினார்கள். பயந்துபோய் இரண்டாவது ஜன்னலையும் மூன்றாவது ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டார்கள். அடுத்த பக்கத்துக்குப் போக அவர்களுக்கே இணைப்புக் கிடைக்கவில்லை. அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. ஐம்பது நிமிஷத்தில் நானூறு வீடுதான் போயிருந்தது. தொலைபேசிகள் அலற ஆரம்பித்தன.

"என்ன பண்ணலாம்?" என்றார் ஆயிடும். முதல் தடவையாக அவர் வாயிலிருந்து ஆயிடும் வரவில்லை.

"ஒரு எண்ணை மாத்தணும் சார். மாத்தினா சர்வரை நிறுத்தித் திரும்பத் தொடங்கணும். உள்ள இருக்கிறவங்க எல்லாரும் வெளிய விழுந்துடுவாங்க. பாதி நிரப்பினதெல்லாம் போயிடும்."

"வெளிய எத்தனை பேர் நிக்கிறாங்க?"

"தெரியாது சார். உள்ள வந்தவங்களைத்தான் எண்ண முடியும்."

"மாத்து."

தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற வேலை. அவள்தான் எண்ணை மாற்றினாள், அவள்தான் பொத்தானை அமுக்கினாள். கோடு தரைக்கு விழுந்து, மறுபடி எழுந்து, பதினோராயிரம் வரை போனது. மிச்சம் இருந்த ஆயிரத்து இருநூறு வீடும் ஒன்பது நிமிஷத்தில் தீர்ந்தன. யாருக்குக் கை வேகமோ, யார் வீட்டில் நாலு கணினியோ அவர்களுக்குப் போயின.

மூன்று மணிக்குத் துறையிலிருந்து காட்டமாகக் கடிதம் வந்தது. நாலு மணிக்கு ஆயிடும் பதில் எழுதிவிட்டார். எதிர்பாராத கூட்டம் என்றும், இரண்டாயிரத்துக்கு மேல் நடத்தை தெரியாது என்பதை நாற்பத்து மூன்றாம் பக்கத்திலேயே தெரிவித்திருக்கிறோம் என்றும். அவள் மேஜைக்கே வந்து தோளில் தட்டினார்.

"உன் குறிப்புதான் நம்மளைக் காப்பாத்திச்சு. நீ எழுதலைன்னா இன்னைக்கு நாம காலி. மேலயும் சொல்லிட்டேன், பட்டியல்ல உன் பேரு கிடையாது." மிட்டாய் டப்பாவை நீட்டினார். அவள் ஒன்று எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டாளே, அதைச் சொல்லுங்கள்!

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒதுக்கீட்டுச் சீட்டு மேஜைமேல் ஒரு டம்ளரின் அடியில் இருந்தது. டோக்கன் முப்பத்தேழு, இரண்டாம் மாடி, லிப்ட் உண்டு. முகத்தில் சந்தோஷமே இல்லை.

"கிடைச்சிடுச்சாக்கா?"

"கிடைச்சிடுச்சு." அக்கா அவளை உட்காரச் சொல்லவில்லை. "பத்து மணிக்கு கவுண்டர்ல நிக்கிறேன், எல்லாரும் போனைப் பாத்துக்கிட்டு சைட்டு நின்னுடுச்சு, சைட்டு நின்னுடுச்சுங்கிறாங்க. சும்மாதான் நிக்கிறோமேன்னு நானும் என் போனை எடுத்துப் பாத்தேன். படமெல்லாம் ஓடுது. நெட்டுக்கு ஒரு குறையும் இல்ல. உனக்கு முன்னாடியே தெரியும். அப்படித்தானே?"

அவள் பதில் சொல்வதற்குள் கதவு தட்டி டெய்லரம்மா உள்ளே வந்தார். அழுது முடித்துக் கழுவிய முகம்.

"உங்க அக்காவுக்குக் கிடைச்சதுல எனக்கு ரொம்ப சந்தோஷம்மா. சத்தியமா." சொல்லிவிட்டுக் கையில் இருந்த லேப்டாப்பைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். "நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல. பத்து மணிக்கு டக்குனு உள்ள போயிட்டேன். அவரோட ஊனச் சான்றிதழ் நம்பர் கேட்டுச்சு. பெட்டியை எல்லாம் கொட்டித் தேடி எடுத்துப் போட்டேன். கடைசிப் பக்கம் வரைக்கும் வந்துட்டேன்மா. அனுப்பு, அனுப்புன்னு அமுக்குறேன், திடீர்னு எல்லாம் அழிஞ்சு முதல் பக்கத்துல வந்து நிக்குது. எந்த இடத்துல தப்புப் பண்ணேன்னு பாத்துச் சொல்லு. அடுத்த தடவையாவது ஒழுங்காப் பண்றேன்."

கடைசிப் பக்கம். பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால், இவள் பொத்தானை அமுக்கிய அந்த நொடி.

அக்கா தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லடி என்று கண்ணாலேயே சொன்னாள். நீங்கள் ஒன்றும் தப்புச் செய்யவில்லை என்ற வாக்கியம் முழுசாக வாய்க்குள் இருந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் அதற்கடுத்த கேள்வி வரும்.

"கொஞ்சம் லேட் ஆயிடுச்சும்மா" என்றாள். "ரொம்ப நேரம் ஒரே பக்கத்துல இருந்தா அதுவா வெளிய தள்ளிடும்."

டெய்லரம்மா தலையை ஆட்டினார். "நினைச்சேன். அந்தச் சான்றிதழைத் தேடினதுதான். அதுல போச்சு கால் மணி நேரம்." லேப்டாப்பை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார். "உன்னைத் தொந்தரவு பண்ணிட்டேம்மா. ஆபீஸ்ல இருந்து களைச்சு வந்திருப்பே."

அவர் போய் இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது.

"ஒரு பேப்பரை ஒழுங்கா ஒரு இடத்துல வெக்கத் தெரியாதா உங்களுக்கு? கால் மணி நேரம்! உங்க சீக்குதான் என் உயிரை எடுக்குதுன்னா, உங்க காகிதமும் எடுக்கணுமா? கிடங்க, இப்படியே இந்த மூணாவது மாடியிலேயே கிடங்க!"

அந்த மனுஷர் குழறிக் குழறி என்னவோ சொன்னார். என்ன சொன்னார் என்று புரியவில்லை. மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் இருந்தது.

அக்கா விருட்டென்று எழுந்தாள்.

"எங்கக்கா போற?"

"எங்க போவேன்? போய்ச் சொல்லத்தான் போறேன். பாவம், அந்த மனுஷன் என்னடி பண்ணான்?"

அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்க்கா. என் வேலை போயிடும். வீட்டுல வேற சம்பளம் இல்ல." அக்கா கையை உதறினாள். அவள் விடவில்லை. "அப்புறம் உன்னையும் கேப்பாங்க. தங்கச்சி சொல்லித்தான் கவுண்டருக்குப் போனேன்னு தெரிஞ்சா இந்த ஒதுக்கீட்டையே ரத்து பண்ணிடுவாங்க."

அது உண்மையா என்று அவளுக்கே தெரியாது. வாயில் வந்தது, சொல்லிவிட்டாள்.

அக்கா கதவருகே நின்றாள். மேஜைமேல் இருந்த சீட்டைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் டெய்லரம்மா இப்போது கத்தவில்லை, அழுதுகொண்டிருந்தார். அவர் கணவரும் சேர்ந்து அழுதார். அக்காவின் கையில் இருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்ததை இவள் உணர்ந்தாள். அக்கா வந்து பழையபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு அக்கா சொன்னாள்.

"என்னையும் உன்னை மாதிரி ஆக்கிட்டியேடி, பாவி."